‘காஸ் இறங்கிருச்சு சார்’

கார் ஏ.சி. குளிரவில்லை என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் காதில் விழும் வாசகம் இதுதான். பானட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். எப்போதிலிருந்து குளிரவில்லை, ஓடும்போதா நிற்கும்போதா, காற்று வந்தும் குளிர் இல்லையா, காற்றே வரவில்லையா என்று ஒரு கேள்வி கிடையாது. நீல நிறச் சிலிண்டர் வரும், குழாய் மாட்டப்படும், பத்து நிமிடத்தில் வேலை முடியும். பணத்தைக் கொடுத்துவிட்டு நாமும் வந்துவிடுவோம்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.சி.யில் இருக்கும் காஸ் பெட்ரோல் போலச் செலவாகிற சரக்கு அல்ல. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஊற்றுவது, பொத்தல் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. குறையாமலே ‘குறைந்தது’ என்று சொல்லி ஊற்றுவது அதைவிட மோசம். பழைய காரைப் பாசத்தோடு புதுப்பித்து வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கென்றே இன்னொரு வாசகமும் தயாராக இருக்கும்: ‘பழைய வண்டி சார், இம்புட்டுத்தான் குளிரும்.’

எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கும் கார் ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் மாமனார் வழியில் வந்தது. நான் புதுச்சேரிக்காரன், ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான வாடிப்பட்டியில் குடியேறியவன். மாமனார் 1984-இல் வாங்கிய வெள்ளை அம்பாசிடர், மார்க் 4, அவர் காலமான பிறகு பல வருஷம் தென்னந்தோப்புக் கொட்டகையில் கிடந்தது. அதை என் மைத்துனர் மகன்தான் தூசி தட்டி, துருப்பிடித்த தரையை வெட்டி ஒட்டி, என்ஜினைப் பிரித்துச் சேர்த்து, மாமனார் ஓட்டிய அதே நிறத்தில் கொண்டுவந்தான். வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்த அன்று என் மாமியார் பின்சீட்டில் இடது பக்கம், பழைய இடத்தில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தார்.

மாமியாருக்கு வயது 88. மாதம் ஒரு தடவை கண் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். வேறு காரில் ஏறமாட்டார். உயரமும் சீட்டும் ஒத்துவரவில்லை என்பார். அவருக்காகத்தான் பேரன் இந்தக் காரில் ஏ.சி. வைத்தான். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்குகிற பழைய மாதிரிப் பெட்டி, என்ஜின் பக்கவாட்டில் கம்ப்ரஸர், ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர், அதற்கும் முன்னால் ஒரு மின்விசிறி. வைத்த மூன்று வருஷத்தில் ஆறு தடவை காஸ் ஊற்றியாயிற்று. போன சித்திரையில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. வெந்நீர்க் காற்றாக ஊத, என்ஜின் சூட்டு முள் சிவப்பைத் தொட, மாமியாருக்குத் தலைசுற்றல் வந்து வண்டியை ஓரம் கட்டும்படி ஆகிவிட்டது. அன்று இரவு வீட்டில் பேச்சு வேறு மாதிரிப் போனது. “பேசாம ஏ.சி.ய கழட்டிப் போட்டு வண்டிய வித்துரலாம். அம்மா உசுருக்கு ஆபத்து” என்றார் மைத்துனர். பேரன் என்னைப் பார்த்து, “மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றான்.

நான் சொன்னது எல்லாம் ஒரு கேள்விதான். “வாடிப்பட்டியிலிருந்து சமயநல்லூர் வரைக்கும் நாலுவழிச் சாலையில குளுருச்சா, இல்லையா?”

“ஐஸ் மாதிரி குளுந்துச்சு மாமா. ஊருக்குள்ள நுழைஞ்ச பொறகுதான்.”

இந்த ஒரு வரியில் நோயின் பெரும்பகுதி இருக்கிறது. காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் நெடுஞ்சாலையிலும் அந்த ஐஸ் குளிர் இருந்திருக்காது. ஓடினால் குளிர்கிறது, நின்றால் சுடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காஸை அல்ல, காற்றை. காருக்குள் இருக்கும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுவதுதான் ஏ.சி. செய்கிற வேலை. கொட்டுகிற இடம் முன்னால் இருக்கும் கண்டென்சர். எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே அதன் வழியாகப் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். சிக்னலில் நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். அம்பாசிடரில் என்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற விசிறி ஐட்லிங்கில் மெதுவாகத்தான் சுற்றும். அதனால்தான் தனியாக ஒரு மின்விசிறி வைப்பது. அது வேலை செய்யாவிட்டால் கண்டென்சர் சூடு ரேடியேட்டருக்குப் போகும், ரேடியேட்டர் சூடு என்ஜினுக்குப் போகும், கடைசியில் எல்லாம் சேர்ந்து பின்சீட்டில் இருக்கும் மாமியாருக்குப் போகும்.

“விசிறியெல்லாம் ஓடுது மாமா, மூணு பட்டறையிலயும் பாத்துட்டாங்க” என்றான் பேரன். ஓடுகிறது, சரி. எந்தப் பக்கம் ஓடுகிறது?

நாற்பது வருஷம் காகிதத்தோடு வாழ்ந்தவனுக்குக் காகிதம்தான் கருவி. மறுநாள் எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் தம்பியை வரச்சொல்லி, என்ஜினை அணைத்து, மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஒரு முழுத்தாளை முன் கிரில்லுக்கு நேரே பிடித்தோம். தாள் கிரில்லில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து என் முகத்தில் அடித்தது. இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. இந்த வகை மோட்டாரில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் சுழற்சி மாறிவிடும், அவ்வளவுதான். மூன்று வருஷமாக உள்ளே இருக்கும் விசிறி ஒரு பக்கம் இழுக்க, வெளியே இருக்கும் விசிறி மறுபக்கம் தள்ள, கண்டென்சர் நடுவில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. தம்பி ஒயரை மாற்றி, இறக்கை சரியான பக்கம் பார்த்திருக்கிறதா என்பதையும் பார்த்து, ஒரு ரிலேயும் போட்டுக் கொடுத்தான். வாங்கிய கூலியைச் சொன்னால் அந்த மூன்று பட்டறைக்காரர்களுக்கும் சங்கடமாக இருக்கும், விடுங்கள்.

இங்கே என் பள்ளிப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள அனுமதியுங்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மேல்வகுப்பில் ரெனே தெகார்த்தைத் தலையில் ஏற்றிவிடுவார்கள். 1637-இல் அந்த மனிதர் எழுதிய, சிந்திக்கும் முறை பற்றிய சிறு நூலில் நாலு விதிகள் வருகின்றன. தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஏற்காதே. சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி. எளிதிலிருந்து கடினத்துக்குப் போ. எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியாகும் அளவுக்குப் பட்டியல் போடு. பதினாறு வயதில் இது எதற்கு என்று தோன்றியது. அரசாங்கக் கோப்புகளுக்கு உதவியது. இப்போது பார்த்தால் கார் ஏ.சி.க்காகவே எழுதியது போல இருக்கிறது. ‘காஸ் இறங்கிருச்சு’ என்பது முதல் விதியிலேயே அடிபட்டுப்போகும். பார்த்தாயா? அளந்தாயா? இல்லையென்றால் அது உண்மை இல்லை, ஊகம்.

‘கேஜ் வைத்துத்தானே பார்க்கிறோம்’ என்று பட்டறையில் சொல்வார்கள். இதில் பலருக்கும் புரியாத ஒரு சங்கதி உண்டு. வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. தீரும் நாள் வரை தெரிவதில்லை. உள்ளே ஒரு சொட்டு திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்தது அல்ல. கார் ஏ.சி.யும் அப்படித்தான். இப்போது பெரும்பாலான கார்களில் இருக்கும் 134ஏ காஸுக்கு, என்ஜின் ஓடாமல் 30 டிகிரியில் நின்றால் கேஜ் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். அரைக்கிலோ இருந்தாலும் அதேதான், முக்கால் கிலோ இருந்தாலும் அதேதான். ஓடும்போது பார்க்கும் அழுத்தமோ வெளி வெப்பம், விசிறி, என்ஜின் வேகம் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆகவே காஸ் சரியாக இருக்கிறதா என்பதற்கு உறுதியான வழி ஒன்றுதான். உள்ளே இருப்பதை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்து, எடை போட்டு, வேக்குவம் பிடித்து, குறிப்பிட்ட எடையை மட்டும் திரும்ப விடுவது. ரேஷன் கடையில் சர்க்கரைக்குத் தராசு கேட்கிறோம். இதற்கு மட்டும் ஏன் கண் மதிப்பு?

எங்கள் அம்பாசிடரில் அப்படி எடை போட்டபோது கிடைத்தது ஒரு கிலோவுக்கு மேல். அந்தப் பெட்டிக்கு வேண்டியதோ 700 கிராம். கொஞ்சம் கசிந்தது, நிறைய ஊற்றினார்கள். அடுத்த வருஷமும் அப்படியே. காஸ் மிகுந்தால் கண்டென்சரில் திரவம் தேங்கி, சூடு கொட்டுகிற இடம் சுருங்கிப்போகும். அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் முனகும், குளிர் குறையும். குளிர் குறைந்தால் மறுபடி பட்டறை, மறுபடி ‘இறங்கிருச்சு’. 1489 சி.சி. என்ஜின், ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறன். அதில் கம்ப்ரஸருக்கே சில குதிரை போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு அது வெயிலில் ஊரைச் சுற்ற வேண்டும். அதன் மேல் இந்தச் சுமையையும் ஏற்றிவிட்டு, ‘பழைய வண்டி’ என்று பழியை அதன் தலையில் போடுவது என்ன நியாயம்?

பழைய கார் என்றால் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு, மறுக்கவில்லை. 1990களில் பொருத்திய ஏ.சி. அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் ஆர்12 காஸுக்காகச் செய்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2000-இல் விதிகள் வந்தன, 2003-க்குப் பிறகு புதுக் கருவிகளில் அந்தக் காஸ் வைக்கக்கூடாது என்று ஆயிற்று. புதுப்பிக்கும்போது 134ஏ-க்கு மாற்றுகிறார்கள். நல்லது. ஆனால் பழைய காஸோடு கலந்து ஓடிய மினரல் எண்ணெய் புதுக் காஸோடு கலக்காது. எண்ணெய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ள, கம்ப்ரஸர் வறண்டு தேயும். எண்ணெயை மாற்ற வேண்டும், ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும், ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாய் வழியாகவே புதுக் காஸ் மெல்ல மெல்லக் கசியும். உள் உறை உள்ள குழாய் போட்டால்தான் நிற்கும். காஸ் அளவும் பழைய எடையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் போதும். இவற்றில் எதையும் செய்யாமல் வாயை மட்டும் மாற்றிக் காஸை விட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு நோய், ஏமாற்றுகிற நோய். கிளம்பியதும் நன்றாகக் குளிரும். இருபது நிமிடத்தில் நின்றுபோகும். கொஞ்சநேரம் அணைத்துவிட்டுப் போட்டால் திரும்பக் குளிரும். இதுவும் பெரும்பாலும் காஸ் குறைவு அல்ல. உள்ளே ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசிமுனையில் பனிக்கட்டியாகி அடைக்கலாம். அல்லது கட்ஆஃப் செய்ய வேண்டிய தெர்மோஸ்டாட் செய்யாததால் உள்பெட்டியே பனி போர்த்திக்கொள்ளலாம். முந்தியதற்கு மருந்து அரைமணிக்குக் குறையாத வேக்குவமும் புது டிரையரும். பிந்தியதற்கு ஒரு சிறு பாகம். மின்சாரமும் ஒரு பெரிய சந்தேகப் பேர்வழி. இன்னும் பழைய மாடல்களில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அது ஐட்லிங்கில் சார்ஜே கொடுக்காது. கம்ப்ரஸர் கிளட்ச் வலுவில்லாமல் வழுக்கும். அதற்கும் காஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவ்வளவையும் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு டெஸ்ட் லைட், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பிமுனை வெப்பமானி, சோப்புத் தண்ணீர். எங்கே எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்திருக்கிறதோ அங்கே கசிகிறது. காஸ் வெளியேறும்போது எண்ணெயையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத்தான் போகும். டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் வருகிற துளைகளில் ஊதுபத்தியைக் காட்டினால் என்ஜின் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று புகை சொல்லும். எங்கள் வண்டியில் அப்படி நாலு துளை அடைத்தோம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘நல்லாக் குளுரும் சார், விலையும் கம்மி’ என்று சிலர் எரியக்கூடிய காஸை விடுகிறார்கள். குளிரும் என்பது உண்மை. ஆனால் ஏ.சி.யின் உள்பெட்டி இருப்பது நாம் உட்காருகிற இடத்தில். கசிந்தால் அங்கேதான் நிறையும். வேண்டாம்.

‘அம்பாசிடருக்கு ஏ.சி.யே தப்பு, அது வரலாற்றைக் கெடுப்பது’ என்று வாதம் செய்கிற நண்பர்களும் உண்டு. என் சிறுவயதில் புதுச்சேரித் தெருக்களில் பெஜோவும் சித்ரோவேனும் ஓடின. அந்தச் சித்ரோவேன் இரண்டு குதிரை வண்டியில் கண்ணாடியைப் பாதி மடித்து மேலே தூக்கிவிடுவார்கள், அதுதான் ஏ.சி. அழகுதான். ஆனால் 88 வயது அம்மாளை மே மாதம் மதுரைக்கு அழைத்துப்போக அழகு போதாது. டாஷ்போர்டை வெட்டாமல், கழற்றினால் பழையபடி ஆகிறமாதிரி வைத்தால் வரலாறு ஒன்றும் கெடாது. காரில் ஏ.சி. என்பதும் நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி 1939-லேயே வைத்துக் காட்டியது. அதில் கிளட்ச் கிடையாது. அணைக்க வேண்டுமானால் என்ஜினை நிறுத்தி, இறங்கிப் போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். (நம் அம்பாசிடர் என்ற பெயரையே 2017-இல் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிவிட்டது. இதைச் சொன்னபோது என் மாமியார், “பேர வாங்கி என்ன செய்வாங்களாம்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.)

இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது, சில ஆயிரம் ரூபாய் விஷயம்தானே என்றால், அது மட்டும் அல்ல. 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல். ஒரு பட்டறைக்காரர் குழாயைக் கழற்றி 700 கிராமைக் காற்றில் ‘ஸ்ஸ்’ என்று விட்டுவிட்டுப் புதிதாக ஊற்றினால், அது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். நம் ஊரைத் தொட்டுப் போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது, 3,700 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் அம்பாசிடரில் அந்தச் சாலை முழுக்க ஓட்டினாலும் அவ்வளவு புகை வராது. பத்து நொடி ‘ஸ்ஸ்’ஸுக்கு இந்தக் கணக்கு. இதனால்தான் கசிவைத் தேடாமல் ஊற்றுவதை வெறும் சோம்பல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். கசிவு தேட அரைநாள் ஆகும் என்றால் நாம் கூலி கொடுப்பதில்லை. ‘தேடினதுக்குக் காசா?’ என்று கேட்கிறோம். சிலிண்டருக்குக் கொடுக்கிறோம், மூளைக்குக் கொடுப்பதில்லை. வைத்தியருக்குப் பீஸ் கொடுக்கிற மாதிரி, கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் கூலி பேசிக்கொண்டு வண்டியை விடுங்கள். எடை எவ்வளவு எடுத்தது, எவ்வளவு விட்டது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

பேரனுக்கு நீள நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: தேதி, வெளி வெப்பம், ஏ.சி. வாயில் வெப்பம் ஓடும்போது, நிற்கும்போது. மே மாதம் கண் பார்க்கப் போன அன்று வெளியே 39, நெடுஞ்சாலையில் 9, கோரிப்பாளையம் சிக்னலில் 14. மாமியார் சால்வை கேட்டாராம். கம்ப்ரஸரின் முன் சீலில் இன்னும் லேசாகப் பிசுக்குத் தெரிகிறது. வண்டி சும்மா நின்றால் அந்தச் சீல் காய்ந்துவிடும் என்பதால் மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். சீலை மாற்றுவது ஆவணியில். அதுவரை எடை பார்க்காமல் யாரும் காஸ் ஊற்றக்கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.